இன்ட்டு என்றால் ஆமாம்

மாலை ஆறு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது டிவிக்குக் கீழே எரிந்த பச்சைப் புள்ளி. அண்ணனின் விளையாட்டுப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே தரையில் அண்ணி. பக்கத்தில், கன்ட்ரோலரைப் பிடித்தபடி அண்ணனின் தோஸ்து.

அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார். கப்பல் வேலையில் இருந்தபோது ஜப்பானில் வாங்கிவந்த பழைய பெட்டி அது. அதில் ஒரு கால்பந்து விளையாட்டு. ஆட்டக்காரர்களின் பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் பெயர்களைப் போட்டிருந்தார். அண்ணி கோல்கீப்பர். அந்த அணி, பாதித் தீப்பெட்டி அளவுள்ள மெமரி கார்டில் மட்டும்தான் இருந்தது. நகல் கிடையாது. அண்ணிக்கு அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜப்பான் தட்டு கீறல் விழுந்து ஓடவில்லை. அதே விளையாட்டை வெளிநாடுகளுக்கு என்று ஆங்கிலத்தில் மாற்றிய தட்டு ஒன்றைத் தோஸ்து தேடிப் பிடித்திருந்தார். எந்த நாட்டுத் தட்டும் ஓடும்படி பெட்டிக்குள் சிப் வைத்தவரும் அவர்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டியூப் லைட் ஒருமுறை மங்கி எரிந்தது.

"கார்ட படிச்சிகினு கீது. இப்ப மட்டும் கரண்ட் போச்சு, கார்டு காலி" என்றார் தோஸ்து.

திரையில் அண்ணனின் அணி இருந்த ஃபைலின் பெயரும், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வியும் வந்தன.

"இன்னா கேக்குது?" என்றார் அண்ணி.

"ஜப்பான் ஃபைல இதுக்குப் படிக்கத் தெரியல அண்ணி. எடம் இல்ல, அழிக்கட்டுமாங்குது. வேணாம்னு சொல்லிக்கிறேன்." பெருக்கல் குறி மாதிரி இன்ட்டு போட்ட பட்டனை அழுத்தினார்.

கேள்வி போகவில்லை.

"பட்டன் மாட்டிகினு கீது. கடல் காத்து, எல்லாம் துரு." இன்னும் பலமாக அழுத்தக் கட்டைவிரலைத் தூக்கினார்.

வாக்கியம் மாறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அழித்தால் திரும்பக் கிடைக்காது, நிச்சயமா என்று கேட்டது.

"கைய எடு!" கத்திவிட்டேன்.

ஜப்பான் விளையாட்டில் வட்டம் என்றால் ஆமாம், இன்ட்டு என்றால் வேண்டாம். நம் பள்ளி நோட்டிலும் இன்ட்டு தப்புக்குத்தான். அதனால் அவர் விரலுக்குச் சந்தேகமே வந்ததில்லை. வெளிநாட்டுத் தட்டில் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். திரையின் அடியில் எறும்பு போன்ற எழுத்தில் அது இருந்தது: இன்ட்டு, ஆமாம். வட்டம், வேண்டாம்.

படித்துச் சொன்னேன். தோஸ்து கட்டைவிரலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாமு, உன் பேச்சக் கேட்டு வட்டத்த அமுக்கி அழிஞ்சிபோச்சுன்னா? எந்த மூஞ்சிய வச்சிகினு இந்த வூட்டுக்கு வர்றது?"

"அப்படித்தான்பா எழுதிக்கீது."

"எழுதுனவன் தப்பா எழுதியிருந்தா?"

நான் பத்திரிகையில் வேலை செய்கிறவன். அச்சில் தப்பு வரும் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணி கையை நீட்டினார். "கோல்ல என்னத்தான நிக்க வச்சிக்கீறாரு. குடு."

வட்டத்தை அழுத்தினார்.

திரை கறுத்தது. பெட்டிக்குள் தட்டு சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பட்டியல் வந்தது. அண்ணனின் அணியின் பெயர் அழியாமல் முதல் வரியிலேயே இருந்தது.

"போதும், நிறுத்து" என்றார் அண்ணி. தோஸ்து சுவிட்சை அணைத்தார்.

கார்டு இப்போது அண்ணியின் பீரோவில் இருக்கிறது. அதைத் திறந்து காட்டக்கூடிய ஜப்பான் தட்டு இன்னும் ஓடவில்லை.