ஜோதமுக்குப் பின்னால் நின்றவர்கள்

ஜோதம் மக்ரீடி தோல் பதனிடுகிறவர். என் நிலமும் அவர் நிலமும் ஒரே வேலியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பதினாறு வருஷமாக அவருடைய தொட்டிகளின் நாற்றத்தையும், அதைவிடத் தாங்கமுடியாத அவருடைய பேச்சையும் சகித்துக்கொண்டு நான் இங்கே வண்டிச்சக்கரம் செய்து பிழைக்கிறேன். இந்த மனுஷன் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். எங்கள் ஊர்ப்படைக்கு கேப்டன் ஆகவேண்டும்.

பென்சில்வேனியாவின் இந்த மூலையில் பதினெட்டு வயதான எல்லா ஆண்களும் ஊர்ப்படையில் சேர்த்திதான். மே மாதம் மேய்ச்சல் வெளியில் கூடுவோம். துப்பாக்கி உள்ளவன் துப்பாக்கியோடு வருவான், இல்லாதவன் சோளத்தட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வருவான். கேப்டன் பதவிக்கு நிற்கிறவர்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். யாரைப் பிடிக்கிறதோ அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். நீளமான வரிசை யாருடையதோ அவர்தான் கேப்டன்.

வருஷா வருஷம் ஜெயித்தது சாராயக்கடை கில்கிரிஸ்ட். அவர் பின்னால் ஒரு பீப்பாய் விஸ்கி நிற்கும், அதன் பின்னால் நாங்கள் நிற்போம். ஜோதமுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள்தான். அவருடைய தம்பி ஈனஸ். அப்பா அம்மா காய்ச்சலில் போனபிறகு ஜோதமே தூக்கி வளர்த்த பிள்ளை அவன். "ஏன்டா லெமுவேல், இந்தப் பக்கம் வரக்கூடாதா?" என்று ஜோதம் திரும்பிப் பார்க்காமலே கேட்பார். "வரலாம்ணே. காத்து இந்தப் பக்கமால்ல அடிக்குது!" என்று நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். வயல் முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரித்துவிடுவார். பதினோரு வருஷம் இதே நையாண்டி, எனக்கும் அலுக்கவில்லை.

தோற்றால் சும்மா வீட்டுக்குப் போகிற ஆளா அவர்? தொப்பிக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுப்பார். அரசியல் சட்டம் அச்சடித்த துண்டு, மடித்து மடித்து நாராகிப்போனது. நாங்கள் வாயில் இஞ்சி ரொட்டியை வைத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். "நல்லா கேட்டுக்குங்க. ஊர்ப்படைய மூணே மூணு காரியத்துக்குத்தான் கூப்பிடலாம். சட்டத்தக் காப்பாத்த, கலகத்த அடக்க, உள்ள வர்ற எதிரியத் துரத்த. அடுத்தவன் நாட்டுக்குள்ள போய்ப் புடுங்குறதுக்கு உங்கள ஒருத்தனும் அனுப்ப முடியாது. திருப்பிச் சொல்லுங்க பாப்போம்!" திருப்பிச் சொன்னால்தான் விடுவார். சொல்லித் தொலைப்போம். பசங்களுக்குக் கூட மனப்பாடம் ஆகிவிட்டது.

கில்கிரிஸ்டுக்கு இதெல்லாம் வேம்பாகக் கசக்கும். "போய்யா, தோலுக்காரா! கனடாவுல நெலம் கேப்பாரத்துக் கெடக்கு. ஒரு நட நடந்துபோனா ஆளுக்கு இருநூறு ஏக்கர். இங்கிலாந்து ராஜா வந்தா தடுக்கப்போறான்?" என்று ஊற்றுவார். நாங்கள் குடிக்கிற வரை கனடாவைப் பங்கு போடுவோம்.

இங்கிலாந்தோடு இந்தப் பாழாய்ப்போன யுத்தம் நிஜமாகவே வந்தது. ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு, ஜூன். வாஷிங்டனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்களுக்கென்ன, அவர்களா சேற்றில் நடக்கப்போகிறார்கள்? எங்கள் படையைக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. அதே வாரம் கில்கிரிஸ்டுக்கு முழங்காலில் வாதம் வந்தது. அப்படியொரு வாதத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கடையில் பீப்பாய் உருட்டும்போது இருக்காது, வயலுக்கு வந்தால் நொண்டும். உத்தரவு வந்த பிறகு கேப்டனாக முன்னால் போய் நிற்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. ஜோதம் மட்டும் போய் நின்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் மொத்தப் பேரும் அவர் பின்னால் போய் நின்றோம். திரும்பிப் பார்த்தவர் அழுதுவிட்டார். ஐயோ, எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் மனைவி கெசையா அன்று சாயங்காலம் என் பட்டறைக்கே வந்துவிட்டாள். "ஏன்யா, உங்க கூத்துக்கு என் புருஷன்தான் கெடச்சாரா? அவர் உங்களுக்கெல்லாம் தன்மேல திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சுன்னு நம்பிக்கிட்டு கோட்டு தைக்கச் சொல்றாரு!"

"நம்பட்டுமே, விடும்மா" என்றேன்.

நவம்பரில் நயாகரா ஆற்றங்கரையில் கிடந்தோம், எதிர்க்கரை கனடா. மழை, சேறு, உப்புக்கண்டம், வயிற்றுப்போக்கு. எங்கள் கேப்டனோ எதற்கெடுத்தாலும் ஓட்டு. குழி வெட்டுவதா வேண்டாமா, ஓட்டு. கஞ்சி காலையிலா மத்தியானமா, ஓட்டு. பக்கத்துப் படைக்காரர்கள் குழியில் படுத்துத் தூங்கும்போது நாங்கள் நனைந்துகொண்டே கை தூக்கிக்கொண்டிருப்போம். "யோவ் கேப்டன், ஒரு உத்தரவு போட்டுத் தொலைங்கய்யா!" என்று நான் கத்தாத நாளில்லை. "உங்களால வந்தவன்டா நான். உங்களக் கேக்காம எப்படி?" என்பார்.

எதிர்க்கரை பீரங்கிகளை முடக்க முன்கூட்டி ஒரு சிறு கூட்டம் போவதாக முடிவானது. ஈனஸ் பெயர் கொடுத்துவிட்டான். "ரெண்டு மணி நேர வேலண்ணே. போய்ட்டு வந்து நானே உன் கஞ்சியக் கிண்டுறேன்" என்று போனான்.

விடிந்தபோது படகுகள் திரும்பின. எல்லாப் படகும் அல்ல. அவசரத்தில் முப்பது பேருக்கு மேல் அந்தக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அவர்களில் ஈனஸும் ஒருவன். அவர்கள் தண்ணீரோரம் நின்று தொப்பியை ஆட்டுவது எங்களுக்குத் தெரிந்தது. காட்டுக்குள்ளிருந்து சிவப்புக் கோட்டு இங்கிலாந்துச் சிப்பாய்கள் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் பக்கத்தில் காலியாக மூன்று படகுகள் கட்டிக்கிடந்தன. ஊர்ப்படையைக் கட்டாயப்படுத்த முடியாது, இஷ்டப்பட்டவர்கள் போகலாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

ஜோதம் எங்கள் முன்னால் வந்து நின்றார். தொப்பி இல்லை. "துடுப்புப் போட ஆறு பேர் வந்தா போதும். போய் ஏத்திக்கிட்டு வந்துரலாம். சண்டையே வேணாம்பா. ஏத்திக்கிட்டு வந்துரலாம்."

யாரும் அசையவில்லை. வாத்துக்காரன் மகன் சைலஸ், இருபது வயசுதான் இருக்கும், தொண்டையைச் செருமினான். "மூணே மூணு காரியம்னு நீங்கதான கேப்டன் சொல்லிக்குடுத்தீங்க. அடுத்தவன் நாட்டுக்குள்ள போறது அதுல இல்லியே."

"ஆமா, அதுல இல்ல," என்றார் ஜோதம். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவரிடம் எனக்கு எரிச்சலே. "சட்டத்துல இல்லடா. நான் சட்டமா கேக்குறேன்? அங்க நம்ம பசங்க நிக்குறாங்க."

பிறகு அவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, மேய்ச்சல் வெளியில் நிற்பது போலவே, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். "வர்றவங்க என் பின்னால வந்து நில்லுங்க."

நான் படகுகளைப் பார்த்தேன், எதிர்க்கரைக் காட்டைப் பார்த்தேன். அந்த மௌனத்தை எப்படியாவது உடைத்துவிட வேண்டும் போல இருந்தது எனக்கு. அதனால்தான் சொன்னேன். கடவுளே, நான்தான் சொன்னேன்.

"காத்து இந்தப் பக்கமால்ல அடிக்குது, கேப்டன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜோதம் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் ஒருவரும் இல்லை, அவருக்கென்று எப்போதும் நின்ற ஒரே ஆள் அந்தக் கரையில் இருந்தான். அவர் சிரிக்கவில்லை. படகோட்டிகள் இருவரைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பையன்கள் எட்டுப் பேரை முதலில் ஏற்றித் திரும்ப அனுப்பினார். படகில் அவ்வளவுதான் கொள்ளும். அடுத்த நடைக்காகத் தம்பியோடு அங்கேயே நின்றார். அந்தப் படகோட்டிகள் மறுபடி போக மறுத்துவிட்டார்கள், அங்கே நின்றவர்களை எதிரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஈனஸ் சிறையில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் காய்ச்சலில் இறந்தான். ஜோதமைக் கைதி மாற்றத்தில் விட்டார்கள், ஏப்ரலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்.

மே மாதம் மேய்ச்சல் வெளியில் கூடினோம். கில்கிரிஸ்ட் வாதம் குணமாகி, பீப்பாயோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் ஒருவனும் போகவில்லை. ஜோதம் வேலியோரமாக எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாட்டுத்தோல் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கேப்டன் பதவிக்கு அவர் நிற்கவில்லை, சும்மா அந்த வழியாகப் போனார். முதலில் சைலஸ்தான் போய் அவர் பின்னால் நின்றான். அப்புறம் அந்த எட்டுப் பேர். அப்புறம் நான். அப்புறம் ஊரே. எங்கள் ஊரில் அவ்வளவு நீளமான வரிசை எப்போதும் நின்றதில்லை.

அவர் திரும்பி எங்களைக் கடைசி ஆள் வரை பார்த்தார். பிறகு என்னிடம், சாதாரணமாக, அக்கறையாகக் கேட்பது போலவே கேட்டார்.

"காத்து மாறிடுச்சா, லெமுவேல்?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு தொட்டிகளுக்குப் போய்விட்டார். நாங்கள் வெகுநேரம் அந்த வரிசையிலேயே நின்றோம்.