ஹாலில் வளர்ந்த களவா

கல்யாணமான பின் இரண்டாம் லீவில் துபாயிலிருந்து வந்த என் கணவர், பட்டுக்கோட்டை வீட்டு ஹாலில் நான்கடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தார். அவருடைய முதலாளி வீட்டில் அப்படி ஒன்று இருந்ததாம். வரும் வழியில் சென்னைக் கடையொன்றில் ஏழெட்டு வண்ணக் கடல்மீன்களும், வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு விரல்நீளக் குஞ்சும் வாங்கியிருந்தார். இதற்குமேல் வளராது என்று கடைக்காரர் சொன்னாராம்.

வாசலில் மீன் விற்க வரும் அம்மா எட்டிப் பார்த்தார். "இது களவா மீனும்மா. பாறை இடுக்குல கிடக்குறது. கூட இருக்கிறத எல்லாம் முழுங்கிடும்," என்றார். கணவரிடம் சொன்னேன். கூடையில் மீன் சுமப்பவருக்கு அக்வேரியம் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார். நாற்பதாம் நாள் விமானம் ஏறிவிட்டார்.

மூன்று மாதத்தில் தொட்டியில் அது மட்டுமே மிஞ்சியது. கடைசி மீனின் வால் அதன் வாயோரம் துடித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இறால் உரித்துப் போடுவது, அதிராம்பட்டினத்திலிருந்து கேனில் வரும் கடல்தண்ணீரைத் தெளியவைத்து மாற்றுவது, பாசி சுரண்டுவது எல்லாம் என் வேலை. வெள்ளிக்கிழமை போனில் முதலில் மீனைக் கேட்பார், பிறகு தன் அம்மாவை. என் முறை வருவதற்குள் பேச்சு முடியும் தறுவாய்க்கு வந்துவிடும். என்னையும் அழைத்துக்கொள்ளுங்கள் என்றால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.

இரண்டு வருடம் கழித்து அவர் வந்தபோது மீன் முக்கால் முழம் வளர்ந்திருந்தது. தொட்டியின் அகலம் அதற்குப் போதவில்லை. உடம்பை வளைத்து, மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத்தான் திரும்பும். மூக்கு புண்ணாகி வெளுத்திருந்தது. அவர் விருந்தாளிகளை உட்காரவைத்து உயிர்மீன்களை உள்ளே போட்டுக் காட்டினார்.

"அதால திரும்பக்கூட முடியல மச்சான். கடல்ல விட்டுடலாம்," என்றேன்.

"வேளாவேளைக்குச் சாப்பாடு போகுதுல்ல? அதுக்கு என்ன குறை?"

அவர் போன பிறகு ஐப்பசி மழையில் கரண்ட் போனது. தொட்டிக்குள் காற்று விடும் மோட்டார் நின்றுவிட்டது. காலையிலிருந்து சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். தோள் மரத்துப்போனது. சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. குழம்பு வைக்கலாம் என்றார் மாமியார். நான் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு மீனைக்கூட உன்னால பாத்துக்க முடியலையா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல நான்தான் பாத்தேன். நீங்க ரெண்டு லீவு பாத்தீங்க."

போனை வைத்துவிட்டார். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் அழைக்கவில்லை. மூன்றாவது வாரம் மணி அடித்தபோது மாமியாரை எடுக்கச் சொல்லிவிட்டு, மாவு சலிக்க உட்கார்ந்தேன். மறுமுனையில் அவரும் என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை.