ஹரோவிலிருந்து பார்க்கிங்: சில்லுக் கணக்கு பிழைத்த காலை

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த என் தம்பி போன மாதம் மாரடைப்பில் செத்துப்போனான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய கிரியைக்கு ஹரோவிலிருந்து போனேன். இதே அலுவலாய் லண்டனைக் குறுக்கே கடக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். விருப்பத்தோடு எழுதவில்லை.

தூரம் ஏறத்தாழ இருபது மைல். ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம், பிறகு பஸ்ஸில் பத்து நிமிடம். தகன மண்டபம் பத்தரைக்கு எங்களுக்கு, பதினொன்றுக்கு அடுத்த குடும்பத்துக்கு. இந்த ஊரில் சாவுக்கும் அரை மணித்தியாலம்தான். தம்பியின் மகள் டாக்ஸியில் வரச் சொன்னவள். "நான் ரயில் சிக்னல் வேலை செய்யிறவன், எனக்கு ரோட்டைக் காட்டாதை" என்று சொல்லிவிட்டு எட்டு நாற்பதுக்கு ரயில் ஏறினேன்.

ஒன்பது இருபதுக்கு ஒரு ஸ்டேஷனில் நின்றுவிட்டது. முன்னால் அக்சில் கவுன்ரர் கோளாறு என்று டிரைவர் அறிவித்தார். வேறொரு வழித்தடத்தில் என் பிழைப்பே அதுதான். தண்டவாளத்தோடு பொருத்திய அந்தக் கருவி, ஒரு பகுதிக்குள் போன ரயிலின் சக்கரச் சில்லுகளையும் வெளியே வந்த சில்லுகளையும் எண்ணும். இரண்டும் சரியாக இருந்தால்தான் பாதை காலி. ஒன்று பிசகினாலும் உள்ளே ரயில் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருகிறவனுக்குச் சிவப்பு விளக்கு.

கதவு பத்து நிமிடம் திறந்தே கிடந்தது. சனம் இறங்கி ஓடியது. இதுகளுக்கு என்ன தெரியும் என்று குந்தியிருந்து, தம்பியின் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"பத்து நிமிசத்திலை சரியாக்கிப் போடுவாங்கள். மூத்தவன் நான் வந்துதான் வாய்க்கரிசி தொடங்க வேணும், சொல்லிப்போட்டன்."

"ஓம் பெரியப்பா, பாத்துக்கொண்டு நிக்கிறம்."

ஒன்பது முப்பத்திரண்டுக்குச் சுரங்கத்துக்குள் போய் மறுபடி நின்றது. போனில் சிக்னல் இல்லை. பாதை உண்மையில் காலிதானா என்று உறுதிசெய்யாமல் கணக்கைப் பூச்சியமாக்கக் கூடாது, நானும் ஆக்கமாட்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பத்து நாற்பதுக்குத்தான் அசைந்தது.

பதினொன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வேறு யாரோ ஒருவருடைய சனம் உள்ளே இருந்தது. எங்கள் ஆட்கள் கார் பார்க்கில் நின்றார்கள். தம்பியின் மனைவி கையில் அரிசிக் கிண்ணம் அப்படியே இருந்தது.

"அம்மா உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ," என்றாள் மகள். "பெரியப்பா தொடங்காமல் ஒருத்தரும் போடக் கூடாதெண்டு சொல்லிப்போட்டா. நேரம் முடிஞ்சுதெண்டு பெட்டியை மூடிப் போட்டாங்கள்."

மச்சாள் கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டுக் காருக்குப் போனாள். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

போகிறவர்களுக்கு: நேரம் குறித்த அலுவல் என்றால் இரண்டு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கள். சிக்னல் கோளாறு என்றால் கதவு திறந்திருக்கும்போதே இறங்குங்கள், உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும். போன் வேலை செய்யும்போதே "எனக்காக நிக்காதேங்கோ, தொடங்குங்கோ" என்று சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்லவில்லை. என் தம்பி ஒரு மணி அரிசியும் வாயில் இல்லாமல் போனான்.