முட்டைக்கோஸின் அப்பா

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். தாடையை இறக்குங்க. ஆங், இப்பத்தான் மனுஷனா இருக்கீங்க." இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் டீ கிளாஸைக் கையில் எடுப்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தெரிந்தவரா, இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவரா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. அந்த ஆளும் என்னவோ ஏதோ என்று பயந்து தாடையை இறக்குவார். இவர் திருப்தியாக ஒரு மடக்கு குடிப்பார். தொழில் போட்டோ எடுப்பதுதான், ஆனால் அப்போது படமெல்லாம் எடுக்க மாட்டார். எதிரில் ஒரு மூஞ்சி கோணல் வெளிச்சத்தில் இருந்தால் இவருக்கு டீ தொண்டையில் இறங்காது. விஷயம் அவ்வளவுதான்.

இதனால் அவருக்குத் தாடைக்காரர் என்று பேர் விழுந்துவிட்டது. ஒரு தடவை பல்வலி என்று டாக்டரிடம் போனார். டாக்டர் இவர் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்ப, இவர் டாக்டரின் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாராம். பல் பிடுங்கினது பாதி நேரம், தாடை பிடித்தது பாதி நேரம்.

அவருடைய ஸ்டூடியோ, பூட்டு சாவி விற்கிற கடைக்கு மேலே இருக்கிறது. படியேறிப் போனால் முதலில் வருவது உட்காரும் அறை. அதில் யாரும் உட்கார முடியாது. அரைப் படகு ஒன்று கிடக்கும். மீதிப் பாதி கதவில் நுழையாததால் அறுத்துவிட்டார். காலில்லாத கட்டில், கிழிந்த குடை, தலையணைகள், ஒரு குளியல் தொட்டி. படம் எடுக்க வருகிறவர்கள், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சரியான இடம்தான்.

குடும்பமாக வந்து வரிசையில் நின்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "பஸ்ஸுக்குத்தான் வரிசையா நிப்பாங்க. நீங்க குடும்பம்தானே?" என்பார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். வீட்டில் எதற்கு அதிகமாகச் சண்டை வரும்? அந்தச் சண்டைதான் படம். போர்வைக்குச் சண்டை போடுகிற வீடு என்றால் அஞ்சு பேரையும் கட்டிலில் போட்டு ஒரு போர்வையைக் கொடுத்து இழுக்கச் சொல்வார். ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் எல்லார் மேலேயும் மாவு கொட்டினார். அப்பாவுக்குத் தும்மல் வந்தது. அந்தத் தும்மலைத்தான் பெரிது பண்ணிக் கடையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வக்கீல் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். இரண்டு பேர் வாயிலும் பிளாஸ்திரி ஒட்டி எடுக்கலாமா என்று இவர் கேட்டு முடிப்பதற்குள் புருஷன் சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஊரார் குடும்பத்தையே இந்தப் பாடு படுத்துகிறவர் சொந்தக் குடும்பத்தைச் சும்மா விடுவாரா?

மனைவியின் கைகளைக் கல்யாணமான நாளிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். வெங்காயம் உரிக்கிற கை, சோப்பு நுரையோடு கை, கோபத்தில் இடுப்பில் வைத்த கை. "மூஞ்சி எங்க போச்சுன்னு கேட்டேன். அது அடுத்த பிராஜெக்டாம்" என்று அந்த அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். மச்சானை, அவர் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்துபோட்டுத் தூங்கும்போது எடுத்து ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். மூன்றாம் பரிசு கிடைத்தது. மச்சான் பேச்சை நிறுத்திக்கொண்டார். இவர் சமாதானம் பண்ணப் போனார், கையில் அதே படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு.

எல்லாவற்றிலும் பெரிய பலி மகள்தான். அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது இவருக்குக் காய்கறிப் பைத்தியம் பிடித்தது. பெரிய முட்டைக்கோஸ் ஒன்றின் மேல் இலைகளை உரித்துத் தலையில் தொப்பியாக மாட்டி, அகலமான சட்டி ஒன்றில் அவளை உட்கார வைத்து, சுற்றிலும் இலையால் மூடினார். தலை மட்டும்தான் வெளியே. பிள்ளை ஓவென்று அழுதது. இவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "கண்ணீரத் துடைக்காதே, தண்ணி தெளிச்ச மாதிரி ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்று மனைவியைத் தடுத்துவிட்டார்.

அந்தப் படத்தைக் கதவு அளவுக்குப் பெரிது பண்ணி, ஸ்டூடியோவில் தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் மாட்டினார். ஸ்கூல் பஸ் நிற்கிற இடம் அதற்கு நேர் எதிரில். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவள் பேர் முட்டைக்கோஸ். டீச்சர்கூட ஒரு நாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். எடுத்துவிடுங்கள் என்று அவள் அழாத நாள் இல்லை. அது உன் மூஞ்சி இல்லை, கலை என்பார் இவர். வெயிலில் படம் வெளுத்துப்போனபோது, விட்டது சனி என்று அவள் நினைத்தாள். இவர் புதிதாகப் போட்டு மாட்டினார், இன்னும் கொஞ்சம் பெரிதாக. அடுத்தடுத்து கேரட், பூசணி என்று போனது. கத்தரிக்காய் வந்தபோது அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அதோடு காய்கறி நின்றது. கல்யாணமாகிப் போன பிறகு இன்றுவரை அவள் வீட்டுக்குள் முட்டைக்கோஸ் நுழைந்ததில்லை.

இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பேத்தியை முதன்முதலாகக் காட்டியபோது, யார் ஜாடை என்று எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். தாடைக்காரர் மேலே இருந்த டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்து, இந்த வெளிச்சத்தில் ஒரு பிள்ளையைக் காட்டலாமா என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனார். அப்புறம்தான் குனிந்து பார்த்தார். முகமே உள்ளங்கை அகலம், அதில் முக்கால்வாசி கன்னம். தூக்கத்திலேயே உதட்டைச் சப்பிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, யாரோ கடன்காரனைப் பார்ப்பதுபோல ஒரு முறைப்பு. அப்புறம் உடம்பு பூராவும் முறுக்கி ஒரு கொட்டாவி. அதைப் பார்த்தவர்கள் யாரும் வேறு வேலை பார்க்க முடியாது. இவர் கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் கேமரா இல்லை. மகள் முன்னாடியே அம்மாவிடம் சொல்லி அதை வீட்டில் வைத்துப் பூட்ட வைத்திருந்தாள்.

அவள் போட்ட சட்டம் சின்னது. "செருப்பும் கேமராவும் வெளிய." இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தால் தாராளமாகப் பிள்ளையைப் பார்க்கலாம்.

அதுகூடப் பரவாயில்லை. சம்பந்திக்கு அந்தச் சட்டம் கிடையாது. மருமகனின் அப்பாவான அவர் காலையில் போனால் போனில் பத்துப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். ஒன்றில் பிள்ளையின் நெற்றிக்கு மேலே எதுவும் இருக்காது. ஒன்றில் எல்லாமே புகை. எல்லாவற்றிலும் மூலையில் அவருடைய கட்டை விரல் இருக்கும். தாடைக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வயிறெரிந்து போவார்.

"தலைய வெட்டிட்டாருடி. பிள்ளைக்குத் தலையே இல்ல."

"கட்டை விரல் நல்லா வந்திருக்கே" என்பாள் மனைவி.

மகளிடம் நியாயம் கேட்டார். மாமாவுக்கு எடுக்கத் தெரியாது, அதனால் பயமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். இவ்வளவு வருடத் தொழிலில் இப்படி ஒரு அவமானத்தை அவர் பார்த்ததில்லை.

அதற்காக மனுஷன் அடங்கிவிடவில்லை. பச்சைத் துணி வாங்கி, மனைவியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பட்டாணித் தோல் மாதிரி ஒன்று தைக்க வைத்தார். நடுவில் பிள்ளையை வைத்தால் அச்சு அசல் பட்டாணி. அந்த அம்மாவும் திட்டிக்கொண்டே தைத்து, ஓரத்துக்குப் பட்டுநூல் வேறு போட்டுக் கொடுத்தது. ஒரு நாள் டயப்பர் பாக்கெட்டோடு மகள் வீட்டுக்குப் போனார். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "டயப்பர் என்னப்பா இவ்வளவு கனம்?" என்றாள். மருமகன் நல்ல பையன். சட்டென்று அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். உள்ளேயிருந்து கேமரா வந்தது, லென்ஸ் வந்தது, கடைசியில் பட்டாணித் தோலும் வந்தது. அன்றைக்கு அவருக்குப் பிள்ளையையும் காட்டவில்லை, டீயும் கொடுக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மருமகனுக்கு மாற்றல் வந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். தாடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கைக்குழந்தைகளை எடுத்து எடுத்துப் பழகியவர் அவர். இந்த வயதுப் பிள்ளை அடுத்த மாதம் வேறு பிள்ளை. அந்த முறைப்பு போய்விடும், கன்னம் வேறு மாதிரி ஆகிவிடும், எல்லாரையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடும். இப்போது எடுக்காவிட்டால் இந்த முகம் சம்பந்தியின் கட்டை விரலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

செருப்பையும் கேமராவையும் ஒழுங்காக வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். மகள் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை.

"ஒண்ணே ஒண்ணும்மா. பட்டாணியெல்லாம் இல்ல. சும்மா."

"உங்களுக்குச் சும்மான்னா என்னன்னே தெரியாதுப்பா."

அவள் ஒரு சின்னச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"முட்டைக்கோஸ்னு கூப்பிட்டதுகூடப் போகட்டும். யோசிச்சுப் பாத்தேன். நீங்க என்னை உக்கார வச்சதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. சட்டியில வச்சீங்க, கூடையில வச்சீங்க, மேஜை மேல வச்சீங்க. தூக்கி வச்சிருந்தது ஒண்ணுகூட ஞாபகம் வரலப்பா."

தாடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தூக்காம எப்படிம்மா சட்டியில உக்கார வச்சிருப்பேன்?"

மகள் முறைத்தாள். முறைக்க முறைக்கச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் துணிமூட்டை மேலேயே சாய்ந்து சிரித்தாள். பிள்ளை திடுக்கிட்டு எழுந்து வீல் என்று கத்த, சிரிப்பும் அழுகையுமாக அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள், சனிக்கிழமை வரலாம் என்று. ஒரே ஒரு படம். காய்கறி கூடாது, துணி வேஷம் கூடாது, பிள்ளை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை அவர் சவரம் பண்ணிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார், என்னவோ அவரைத்தான் யாரோ படம் எடுக்கப் போவதுபோல. முதன்முறையாகக் கேமரா ஒளியாமல் உள்ளே வந்தது. வீடு முழுக்க அட்டைப்பெட்டி. மனைவியும் மருமகனும் கீழே லாரிக்காரரோடு பீரோவுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் நின்றபடியே தூங்கிவிழுந்தாள். பிள்ளை விடிய விடியக் கத்தியதாம், இப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது. "ஒரு நிமிஷம் பிடிங்கப்பா" என்று இவர் கையில் கொடுத்துவிட்டு, சுருட்டிவைத்த மெத்தையில் சாய்ந்தாள். அந்த நிமிஷமே அவளுக்குக் குறட்டை வந்துவிட்டது.

கைக்குழந்தையைப் பிடிக்க அவருக்குத் தெரியாதா? எத்தனை பிள்ளைகளைக் கூடையில், தலையணையில், அரைப் படகில் வைத்திருக்கிறார். ஆனால் அதெல்லாம் கீழே வைப்பதற்காகப் பிடிக்கிற பிடி. இன்றைக்கு வைக்க இடமில்லை. பெட்டிகளுக்கு நடுவே இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கத்தியது. எழுந்து நடந்தார். நடந்தால் கொஞ்சம் குறைந்தது. லென்ஸ் பேர்களை ஒவ்வொன்றாக ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எந்தப் பேரில் என்று தெரியவில்லை, பிள்ளை ஒரு கொட்டாவி விட்டு, அவர் சட்டைப் பொத்தானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. மெதுவாக, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, மறுபடி நாற்காலியில் இறங்கினார். எட்டுகிற தூரத்தில் ஒரு பெட்டி மேல் கேமரா.

அப்போது வெளிச்சம் வந்தது.

இரண்டு திரைச்சீலைக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக வந்து, தரையில் ஊர்ந்து, அவர் முழங்காலில் ஏறியது. பக்கவாட்டில் சாய்ந்து, மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் வருகிற வெளிச்சம். இதற்காக அவர் எத்தனையோ வீடுகளில் மேஜை நாற்காலியெல்லாம் நகர்த்தச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறார். அது பிள்ளையின் விரல்களைத் தொட்டது. நகம் ஒவ்வொன்றும் அரிசி நுனி மாதிரி தெரிந்தது. தாடைக்குப் போனது, கன்னத்துக்குப் போனது. கன்னத்தில் இருந்த பூனை முடியெல்லாம் தங்கமாக எழுந்து நின்றது. நெற்றியில் அந்தக் கடன்காரன் முறைப்பு அப்படியே இருந்தது.

வலது கையை நீட்டிக் கேமராவை எடுத்தார். ஒரு கையால் எடுக்கிறது அவருக்கு ஒன்றும் புதிதில்லை. ஏணியில் தொங்கிக்கொண்டே எடுத்தவர். கண்ணுக்குக் கொண்டுபோனார். கட்டத்துக்குள் பிள்ளை முழுசாக இருந்தது. தலையெல்லாம் சரியாக இருந்தது. அவர் விரல் கேமராவின் பொத்தான் மேல் இருந்தது.

வெளிச்சம் இமைமேல் ஏறியது. பிள்ளையின் மூக்கு சுருங்கியது. இமை ஒரு தடவை துடித்தது, இன்னொரு தடவை துடித்தது. மெத்தையில் மகள் தூக்கத்திலேயே புரண்டு படுத்தாள்.

தாடைக்காரர் கேமராவை மடியில் இறக்கினார். பிள்ளை அசையாதபடி நாற்காலியில் சரிந்து, வலது காலை எட்டுமட்டும் நீட்டி, திரைச்சீலையின் ஓரத்தைக் கால் விரல்களால் கவ்விப் பிடித்து, சத்தம் வராமல் இழுத்து மூடினார்.