அத்தை பிரித்த என்ஜின்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சாமி படங்களுக்கு அடுத்த மரியாதை ஒரு பொம்மை என்ஜினுக்குத்தான். ரயில்வேயில் என்ஜின் ஓட்டிய அப்பாவுக்கு, ஓய்வு பெற்ற மேலதிகாரி வட்டத் தண்டவாளத்தோடு கொடுத்துவிட்டுப் போனது. கரண்டில் ஓடும் என்பார்கள். ஓடி நான் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜன்னலைத் திறந்தால் நிஜ ரயிலே போகும்போது, ஓடாத ரயிலுக்கு ஏன் இத்தனை மவுசு என்று எனக்கு விளங்கவில்லை.

அதைத்தான் அத்தை பிரிக்கப்போனார். அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்துகொண்டு சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்வந்தவர். டெக்னீஷியன் பயிற்சிக்கு அவரைப் பினாங்குக்கு அனுப்புவதாக ஃபேக்டரியில் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகாத பெண் தனியாகப் பினாங்கா என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அலமாரியைக் காட்டினார்.

"முடிஞ்சா இத ஓட வச்சுக் காட்டு லா. அப்புறம் பினாங்கு போலாம்."

முடியாது என்ற தைரியத்தில் சொன்னதுதான்.

அத்தை சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து என்ஜினின் கூட்டைக் கழற்றினார். உள்ளே தூசியும் கருகிய வயர்களும். அதையெல்லாம் பிடுங்கிவிட்டு நகமளவு சர்க்கிட் ஒன்றை வைத்து, முன்னால் மஞ்சள் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பொருத்தினார். ஈயப் புகை வீடெல்லாம் சுற்றியது. "இந்த அக்கறைய அடுப்படியில காட்டினா என்னவாம்?" என்று அம்மா இருமினார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், நானும் அத்தையும் மட்டும் இருக்கும்போது, அது ஓடியது. விளக்கு எரிந்ததும் நான் போட்ட கூச்சலில் அத்தை என் வாயைப் பொத்தினார். விஜயதசமி காலையில் எல்லாருக்கும் காட்டுவதாக ஏற்பாடு.

பூஜைக்கு வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அப்பாவின் ஸ்பேனர், என் பாடப்புத்தகங்கள், அத்தையின் ஸ்குரூடிரைவர் எல்லாவற்றோடும் என்ஜினையும் அம்மாவே வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். என்னதான் ஏசினாலும் சாமி விஷயத்தில் அம்மா ஓரவஞ்சனை செய்யமாட்டார்.

விஜயதசமியன்று அப்பா பக்கத்து வீட்டு அங்கிளையும் கூட்டிவந்து உட்கார்ந்தார். அத்தை என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து சுவிட்சைப் போட்டார். விளக்கும் இல்லை, அசைவும் இல்லை. அங்கிள் செருமினார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அம்மா.

அத்தை என்ஜினைக் கவிழ்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்துக் கரண்ட் சக்கரம் வழியாகத்தான் உள்ளே ஏற வேண்டும். அந்தச் சக்கரங்களிலோ, ஒன்று விடாமல், சந்தனம் காய்ந்து அப்பிக் கிடந்தது. அம்மாவின் பக்தி அடிவரைக்கும் போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் காலை மிதித்தார்.

"என் தப்புதான் அண்ணி. ஒரு வயர் சரியா ஒட்டல. கொஞ்சம் இருங்க."

முதுகைக் காட்டி நின்று கைக்குட்டையால் துடைத்தார். திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் விளக்கு எரிந்தது, என்ஜின் வட்டமடித்தது. அப்பா சின்னப்பிள்ளையாகக் கைதட்டினார். ஆனாலும், "மொதல்ல ஓடலயே..." என்று இழுத்தார். அத்தை என்ஜினை எடுத்து அலமாரியில் வைத்தார். பினாங்கு அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் துணி துவைக்கும்போது அம்மா அந்தக் கைக்குட்டையை எடுத்தார். மஞ்சள் கறையை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு அதை அலசிப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு நேராக அப்பாவிடம் போனார்.

"அவ போகட்டுங்க. அங்க என் சித்தி வீடு இருக்கு, நான் பேசிக்கிறேன்."

அப்பா திகைத்துப்போனார். விளக்கின் அழகில் அம்மா மயங்கிவிட்டார் என்று நான் பல வருடம் நம்பினேன்.

அத்தை டெக்னீஷியனாகத் திரும்பி வந்தார். பின்னாளில் நான் இன்ஜினியரிங் படிக்கவேண்டும் என்றபோது, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அத்தை திரும்பி வந்திருந்த அடுத்த வருட ஆயுத பூஜையில் அம்மா என்ஜினின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார்.

"சக்கரத்துக்கு வைக்கலையாம்மா?"

"போதும்" என்றார், அத்தையைப் பார்க்காமல். அத்தையும் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டார். இருவருக்கும் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரே கவலை.