என் காலுக்கு ஏற்ற மலைப்பாதை

1991இல் நான் வனத்துறை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவளாக இருந்தேன். சிறு வயதில் வந்த போலியோ இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இரும்புக் காலிப்பரைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். அதனால் மேசையை விட்டு எழ வேண்டிய வேலை எதையும் எனக்குத் தரமாட்டார்கள். அக்கறையில்தான் அப்படிச் செய்தார்கள். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும். நான் வரைந்த காடுகளில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தை மாதம், ஒரகடம் பக்கத்துக் காப்புக்காட்டுக் குன்றின் உச்சிக்குப் பொதுமக்கள் நடந்துபோக ஒரு பாதை போட உத்தரவு வந்தது. மறைமலை நகர்ப் பக்கம் வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போக இடமே இல்லை. எங்கள் ரேஞ்சர், விறகு பொறுக்குகிறவர்கள் ஏறும் தடத்தையே அகலமாக்கி, செங்குத்தான இடத்தில் படி வைத்து வரைந்துதரச் சொன்னார். வரைந்தேன். கூடவே, குன்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து ஏறும் இன்னொரு கோட்டையும் போட்டு அவர் முன் வைத்தேன். நேர்த்தடம் ஒரே மழையில் ஓடையாகிவிடும் என்றேன். இவ்வளவு சுற்றி யார் நடப்பார்கள் என்று கேட்டார்.

“நான் நடப்பேன் சார்.”

“நீ எதுக்கும்மா மேல வரணும்? வரைஞ்சு குடு, போதும்.”

“என்னால ஏற முடிஞ்சா, கொழந்தைய இடுப்புல வெச்சிருக்கறவங்களும் ஏறுவாங்க, வயசானவங்களும் ஏறுவாங்க. என் காலையே அளவா வெச்சுக்குங்க சார்.”

அவர் என் கோட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, மாவட்ட அதிகாரி பார்வையிட வருவதற்குள் என் கோட்டைத் தரையில் போட்டுக் காட்டச் சொன்னார். முடியாவிட்டால் ரேஞ்சர் சொன்ன தடம்தான். நியாயமான பேச்சு.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து புதர் வெட்ட வந்த பெண்கள் என்னோடு வந்தார்கள். நான் சரிவு பார்க்கும் குழாயில் கண்ணை வைத்து இடம் சொல்வேன். அவர்கள் முளைக்குச்சி அடித்து, காரை முள்ளையும் சூரை முள்ளையும் ஆள் போகும் அகலத்துக்கு மட்டும் வெட்டுவார்கள். மரம் எதையும் தொடவில்லை. பாதிக் குன்றில் ஒரு வழுக்குப் பாறை குறுக்கே வந்தது. வரைபடத்தில் அது இல்லை. தாண்டிவிடலாம் என்று காலை வைத்தேன், சறுக்கி விழுந்தேன். தோல்வார் அறுந்துபோனது. முட்டியில் ரத்தம். அழுகை வந்ததைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கலாமா என்று மற்றவர்கள் கேட்க, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“வலி கொறையட்டும் மேடம். அப்பால இன்னா பண்ணலாம்னு நீயே சொல்லு.”

அங்கேயே உட்கார்ந்து மறுபடி சரிவு பார்த்தேன். பாறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கோட்டைத் திருப்பினால் களாப் புதர்களுக்குப் பின்னால் மெதுவாக ஏறும் மண்மேடு இருந்தது. அதன் வழியே முளையடிக்கச் சொன்னேன். மறுநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைப்பவரிடம் வாரை இரட்டைத் தையலாகத் தைத்து வாங்கிக்கொண்டு திரும்பக் குன்றுக்குப் போனேன். கடைசி வளைவு வரை நான் இடம் சொன்னேன்; அதற்கு மேல் உச்சிவரை அந்தப் பெண்களே வெட்டி முடித்தார்கள்.

அதிகாரி வந்த காலையில் ரேஞ்சர், என் பாதையைப் பற்றி எதுவும் சொல்லாமல், அவரைத் தன் தடத்தில் அழைத்துக்கொண்டு கிளம்பினார். நான் என் பாதையில் ஏறினேன். அவசரப்படவில்லை, எங்கும் நிற்கவும் இல்லை. காலிப்பர் ஒவ்வோர் அடிக்கும் கிளிக் கிளிக்கென்று சத்தம் போட்டது. உச்சிக்கு வந்தபோது அங்கே யாருமே இல்லை. கீழே ஏரிகள் மின்னின. தூரத்தில் செங்கல்பட்டு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல்தடவையாக, நான் வரைந்த ஒரு காட்டின் உச்சியில் நின்றேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

நெடுநேரம் கழித்து அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாராம். என்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் எப்படி மேலே வந்தாள் என்று கேட்டார். ரேஞ்சர் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம்.

“அவங்களே போட்ட வழி சார். என்னோடத விட நல்லா இருக்கு. எறங்கும்போது அதுல போலாம்” என்றார்.

இறங்கினோம். அதிகாரி வழியெல்லாம் மயில் பார்த்துக்கொண்டே வந்தார். அடிவாரத்தில், இந்தக் கோட்டையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். புதர் வெட்டிய பெண்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாதை திறந்த முதல் ஞாயிறு, தூக்குச்சட்டியில் புளிசாதத்தோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் பட்டுப்புடவையோடு ஏறினார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே என்னைத் தாண்டி மேலே போனாள்.