குற்றால அருவியில் கழுவ வந்த குறி

ஆனி மாதம் பிறந்தால் மதுரைக்காரர்கள் குளிப்பதற்காகக் குற்றாலம் போவார்கள். நான் போனது என் மண்டைக்குள் இருந்த ஒரு குறியைக் கழுவுவதற்காக.

சிறு வயதிலிருந்தே, விடியற்காலையில் விழிப்பு வருவதற்குச் சற்று முன்பு எனக்கு ஒரு மங்கலான மஞ்சள் வெளிச்சம் தெரியும். அதன் நடுவே கறுப்பாக ஒரு குறி: இரண்டு புள்ளி, கீழே சாய்ந்த கோடு, கோட்டின் நுனியில் சின்னக் கொக்கி. நான் அச்சாபீஸில் புரூப் திருத்துகிறவன். ஊரார் எழுத்தையெல்லாம் படித்துப் பிழை பிடிக்கிறவனுக்குத் தன் தலைக்குள் இருப்பதைப் படிக்கத் தெரியவில்லை என்றால் எரிச்சல் வராதா? எங்கள் மானேஜர் அது வட்டெழுத்து என்றார். ஒரு சாமியார் அது எனக்கென்று இறங்கிய மந்திரம் என்றார். அதைக் கேட்டு ஒரு மாதம் தலை கனத்துத் திரிந்தேன். இந்த வருஷம் ஜோசியர் ஒருவர், இது சாவோலை, தை பிறப்பதற்குள் கண்டம் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் என் மனைவி விசாலம் தூங்கவில்லை. எழுந்து எழுந்து என் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள். வைத்தியர்தான், "எல்லாம் சூடு. அருவியில் தலையைக் கொடுத்தால் அழிந்துவிடும்" என்றார். அவள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். மூன்றாம் வகுப்பு, தலைக்கு ஒரு ரூபாய் பதின்மூன்றணா. விருதுநகரில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து தென்காசிக்கு ரயில் விட்டுச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. ராஜபாளையம் வரைக்கும் அனல். கடையநல்லூரில் நெசவுக்காரர்கள் துணி மூட்டைகளோடு ஏறினார்கள். அவர்களோடு குளிர்ந்த காற்றும் ஏறியது. தென்காசியில் இறங்கும்போது மணி மூன்று, மெல்லிய சாரல். பிளந்து நிற்கும் கோயிலின் மொட்டைக் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, ஆறணாவுக்கு ஒரு மாட்டுவண்டி பேசினேன். குற்றாலம் மூன்று மைல்.

"அண்ணாச்சி சும்மா குளிக்க வாரியளா, தலையக் கழுவ வாரியளா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"ஏன் கேட்கிறீர்கள்?"

"பைத்தியம்னா கொஞ்சம் மெதுவா ஓட்டணும், அதான்."

விசாலம் அவரை முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

திங்கள் காலை ஐந்து மணிக்கு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெரிய அருவிக்குப் போனோம். அருவி தலையில் விழும்போது, நாலு பேர் சேர்ந்து குட்டுகிற மாதிரி இருந்தது. மறுநாள் விடியலில் குறி வந்தது. ஆனால் கொக்கியைக் காணோம். அன்றும் குளித்தேன். புதன் காலை, மை போதாமல் அச்சான தாள் போல இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிந்தன. வியாழக்கிழமை ஒன்றுமே வரவில்லை. விசாலம் குற்றாலநாதர் சந்நிதியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, பகல் முழுவதும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். எத்தனை மாதத்துத் தூக்கம் அது.

அன்று மாலை நாங்கள் தங்கியிருந்த சத்திரத்துக்குச் சலவைக்காரர் சுடலை வந்தார், நாற்பது வயதிருக்கும். வாசலில் உட்கார்ந்து, ஒரு குச்சியை, வெளுத்தாலும் போகாத சேங்கொட்டை மையில் தொட்டு, துணி மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு ஒரு குறியாகத் துணி மூலைகளில் போட்டுக்கொண்டிருந்தார். கண்டம் கழிந்த குஷியில், ஒரு காகிதத்தில் என் குறியை வரைந்து நீட்டினேன். "எங்கள் துணிக்கு இதைப் போடுங்கள்."

சுடலை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அது மட்டும் முடியாது சாமி. அது வேற வீட்டுக் குறில்லா."

"எந்த வீடு?"

"இந்தா பக்கத்துல, வடகரை கணக்கப்பிள்ளை வீடு. எங்க அம்மைதான் அங்கன வெளுத்தா. வீட்ட வித்துட்டு அவுக போயி எத்தனையோ வருசமாச்சு. ஆனாலும் அந்தக் குறிய நாங்க வேற யாருக்கும் போடுததில்ல."

வடகரைக் கணக்கப்பிள்ளை என் தாயைப் பெற்ற தாத்தா. என்னைப் பெறப் போன இடத்தில் அம்மா படுக்கையில் விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. இரண்டரை வயது வரை நானும் அங்கேதான் இருந்தேன். அம்மா இறந்த பிறகு தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அந்த ஊர்ப் பெயரையே அப்பா எங்கள் வீட்டில் எடுக்க விட்டதில்லை. இதையெல்லாம் நான் எப்படியோ சொல்லி முடித்தேன்.

விசாலம் சுடலையிடம் கேட்டாள்: "சேலையில குறிய எங்க போடுவீங்க?"

"முந்தானை மூலையில, தாயி."

அவள் நாலு பிள்ளை வளர்த்தவள். என் பக்கம் திரும்பி, "பால் குடிக்கிற பிள்ளைக்கு மூஞ்சில ஈ மொய்க்காம முந்தானையத்தானங்க போட்டு மூடுவோம்" என்றாள். அத்தனை விடியலிலும் நான் கண்டது அந்த முந்தானை மூலையைத்தான்.

அம்மாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. படமும் கிடையாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருந்தது அந்தக் குறி ஒன்றுதான். சாவோலை என்று பயந்து, மூன்று நாள் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று அதைக் கழுவிவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

சுடலை என் வேட்டியை எடுத்து மடியில் விரித்தார். "உங்களுக்குப் போடலாம் சாமி. நீங்க அந்த வீடுதான" என்றார். இரண்டு புள்ளி, கோடு, கொக்கி. அவர் கை தயங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை விசாலம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. "இன்னைக்கு நீங்க குளிக்க வேணாம்" என்றாள். பத்து நாள் தங்குவதாக வந்தவர்கள், மறுநாளே சலவைத் துணியை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம். அந்த இரண்டு விடியலிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை.

சங்கரன்கோவில் தாண்டியதும் வெயில் வந்துவிட்டது. நான் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். "வெயில் மூஞ்சில அடிக்குதே" என்று, பக்கத்தில் இருந்த விசாலம் தன் முந்தானையை எடுத்து என் முகத்தின் மேல் போட்டாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படிச் செய்கிறவள் அல்ல அவள். துணி வழியாக வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது. குறி வரவில்லை. நான் அழுதேன். விருதுநகரில் வண்டி மாறும் வரை அவள் முந்தானையை எடுக்கவில்லை.